புயலுக்கு எந்தப் பக்கம் சென்னை?

வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி நெருங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி காற்றையும் மழையையும் பற்றித்தான். இந்த முறை வந்தவற்றில் பலரும் கேட்டிருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

வர்தா புயலில் எங்கள் தெருவில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை, ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மிக்ஜாம் சென்னையில் கரையையே கடக்கவில்லை, வீடு மூழ்கியது. அப்படியென்றால் எதுதான் பெரிய புயல்?
– வாசகி, மடிப்பாக்கம்

புயலுக்குக் கொடுக்கும் தரம் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. மணிக்கு 31 கி.மீ. எட்டினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50-ல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ல் புயல், 89-ல் தீவிரப் புயல், 118-ல் அதிதீவிரப் புயல். இந்தப் பெயர்களில் மழையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நம் ஊரில் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். ‘புயல் வலுவிழந்தது’ என்று செய்தி வந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம்.

மழைக்கு முக்கியம், புயல் நகரும் வேகம். மழை மேகங்கள் 200 கி.மீ. அகலத்துக்குப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் அவை உங்கள் வீட்டைத் தாண்ட 10 மணி நேரம் போதும். அதே மேகங்கள் 7 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 28 மணி நேரத்துக்கு மேல் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கும். வர்தா 2016 டிசம்பர் 12-ம் தேதி பிற்பகலில் சென்னைக்கு அருகே கரை ஏறியது. அடித்துவிட்டு இரவுக்குள் உள்நாட்டுக்குள் போய்விட்டது. மிக்ஜாம் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னைக் கடலோரத்தை ஒட்டியே மெல்ல வடக்கே நகர்ந்து, 5-ம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரை ஏறியது. இன்னொரு பாடம் 2015 டிசம்பர் 1. அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 49 செ.மீ. மழை கொட்டியபோது புயல் என்று பெயர் வைக்கும்படி எதுவுமே கடலில் இல்லை.

49 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 2,230 லிட்டர். 49 செ.மீ.க்கு 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பது! ஒரு மனைக்கு மட்டும் இவ்வளவு.

உங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மடிப்பாக்கம், வேளச்சேரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் விழ வேண்டும். சரிவு மிகக் குறைவு. கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று அடிக்கும்போது முகத்துவாரத்தில் கடல்மட்டம் உயர்ந்து நிற்கும். ஆற்றுத் தண்ணீர் வெளியேற வழியின்றித் திரும்பும். மழை நின்ற பிறகும் தெருவில் தண்ணீர் ஏறுவது இதனால்தான்.

துறைமுகத்தில் 5-ம் எண் கூண்டு ஏற்றியிருந்ததை மாற்றி 6 ஏற்றினால், ஆபத்து ஒரு படி கூடிவிட்டது என்று அர்த்தமா?
– வாசகர், இராயபுரம்

இல்லை. தொலைக்காட்சிகளும் இதைப் படிக்கட்டு மாதிரியே சொல்வதால் வரும் குழப்பம் இது. முதல் நான்கும் படிப்படியானவைதான்: 1 தொலைவில் தாழ்வு மண்டலம், 2 தொலைவில் புயல், துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பல்களுக்கான எச்சரிக்கை, 3 துறைமுகத்தில் பலத்த தரைக்காற்றும் மழையும் வரலாம், 4 துறைமுகத்துக்கே புயல் அச்சுறுத்தல்.

5, 6, 7 மூன்றுக்கும் புயலின் பலம் ஒன்றுதான். வேறுபடுவது பக்கம். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. அதே வரிசை தீவிரப் புயலுக்கு 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்துபோனால் 11.

இடம், வலம் என்பதை நாம் கடலைப் பார்த்து நின்று எண்ணக்கூடாது. புயலின் முதுகில் ஏறி உட்கார்ந்து எண்ண வேண்டும். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலக்கை வடக்கு. ஆகவே புயல் புதுச்சேரி, கடலூர் பக்கம் கடந்தால் சென்னை அதற்கு வலப்பக்கம்: 6. நெல்லூர் பக்கம் கடந்தால் இடப்பக்கம்: 5.

இந்தப் பக்கக் கணக்கில்தான் சென்னையின் தலையெழுத்தே இருக்கிறது. வட அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. வலப்பக்கத்தில் சுழலும் வேகத்தோடு நகரும் வேகமும் கூடும், இடப்பக்கத்தில் கழியும். அதைவிட முக்கியம், வலப்பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது. ஈரம், மழை, அலை மூன்றையும் கூட்டிக்கொண்டு வரும். இடப்பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. உலர்ந்த காற்று, உயராத கடல். ‘புயல் ஆந்திராவுக்குப் போனதும் இங்கே வெயில் அடிக்கிறதே, ஏன்?’ என்று கேட்டிருக்கும் அம்பத்தூர் வாசகருக்கும் இதுவே பதில். மிக்ஜாம் இதற்கு விலக்குபோலத் தோன்றும். கரையை ஒட்டியே அது ஊர்ந்ததால் மையத்தைச் சுற்றியிருந்த மேகக் கூட்டமே நம் மேல் படர்ந்துவிட்டது.

கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. புயல் எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– கல்லூரி மாணவர், மயிலாப்பூர்

உண்டு. 1857-ல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் வகுத்த விதி. காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டி, சற்று முன்னால் கொண்டு வாருங்கள். கை காட்டும் திசையில்தான் புயலின் மையம். தெருவில் கட்டடங்கள் காற்றைத் திருப்பிவிடும் என்பதால் கீழ்மேகம் ஓடும் திசையைப் பார்ப்பது நம்பகமானது.

ஒரு தடவை பார்ப்பதைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திசையைக் குறித்து வைத்தால்தான் பயன். வடகிழக்கிலிருந்து அடித்த காற்று கிழக்காகி, பிறகு தென்கிழக்காக மாறினால் புயல் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. மழையும் கடல் சீற்றமும் உங்கள் பங்குக்கு வரும். வடக்கிலிருந்து வடமேற்காகி, மேற்காகத் திரும்பினால் புயல் வடக்கே போகிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால், அது நேரே உங்களை நோக்கி வருகிறது.

நேரே வந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கண் பகுதி மேலே வரும்போது காற்று திடீரென்று அடங்கும், வானம்கூட வெளுக்கலாம். வர்தாவில் ‘முடிந்துவிட்டது’ என்று நினைத்துப் பலர் தெருவுக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும். முதல் சுற்றில் ஒரு பக்கம் ஆட்டம் கண்ட மரம், இரண்டாம் சுற்றில் மறுபக்கம் விழும்.

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்கிறோம். ஆனால் ஆடியில் புயல் வருவதில்லை, கார்த்திகையில் வருகிறது. ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

அம்மியைப் பறக்கவைக்கும் அந்தக் காற்றுதான் புயலை உருவாகவிடாமல் தடுக்கிறது.

புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். மேலே மட்டும் சூடு இருந்தால் போதாது. ஐம்பது மீட்டர் ஆழத்துக்காவது அந்தச் சூடு இறங்கியிருக்க வேண்டும். பூமி சுழல்வதால் கிடைக்கும் திருப்பம் தேவை என்பதால் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5 டிகிரியாவது தள்ளியிருக்க வேண்டும். ஆடியிலும் வங்கக்கடலில் இவை இரண்டும் உண்டு. இல்லாதது மூன்றாவது: கீழேயும் மேலேயும் ஒரே மாதிரியான காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையை ஒட்டி மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும். 12 முதல் 15 கி.மீ. உயரத்திலோ கிழக்கிலிருந்து அதைவிட வேகமாக அடிக்கும். அடுக்கி வைத்த பானைகளில் அடிப்பானையை ஒருவர் ஒரு பக்கமும் மேல்பானையை இன்னொருவர் மறுபக்கமும் இழுத்தால் அடுக்கு நிற்குமா? மேகக் கோபுரமும் அப்படித்தான் சாய்ந்து, சேர்ந்த வெப்பம் சிதறிவிடும். அதனால் அந்த மாதங்களில் ஒடிசா பக்கம் தாழ்வுப் பகுதிகளும் தாழ்வு மண்டலங்களும் வரும். புயலாக வளர்வது அபூர்வம்.

இந்த முரண் குறையும் இடைக்காலம் ஆண்டுக்கு இருமுறை வருகிறது: ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும். நமக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

‘ஓரிரு இடங்களில் மிக கனமழை’ என்கிறார்கள். எங்கள் ஏரியாவில் தூறல்கூட இல்லை. ரெட் அலர்ட் என்று பள்ளிக்கு விடுமுறை விட்டால் வெயில் அடிக்கிறது. இதை எப்படித்தான் நம்புவது?
– இல்லத்தரசி, அண்ணா நகர்

அறிக்கையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்குள். ‘சில இடங்களில்’ என்றால் பாதி வரை, ‘பல இடங்களில்’ முக்கால் வரை, ‘பெரும்பாலான இடங்களில்’ அதற்கும் மேல். ஆக, ஓரிரு இடங்களில் என்று சொன்ன நாளில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ‘பொய் சொல்லிவிட்டார்கள்’ என்றுதான் சொல்வார்கள். அறிக்கை சரியாகவே இருந்திருக்கும்.

24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தாண்டினால் கனமழை, 11.56 முதல் 20.44 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. 24 மணி நேரம் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. செவ்வாய் இரவு கொட்டிய மழை புதன்கிழமைக் கணக்கில்தான் வரும்.

நிறங்கள் மழையின் அளவை மட்டும் சொல்வதல்ல. அரசும் மக்களும் எவ்வளவு தயாராக வேண்டும் என்பதைச் சொல்வது. மஞ்சள் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு தயாராகுங்கள், சிவப்பு நடவடிக்கை எடுங்கள். புயல் பாதையை 24 மணி நேரம் முன்பே கணித்தாலும் சராசரியாக எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளிப்போவது இயல்பு. அந்த இடைவெளி நமக்குப் பெரிது: மையம் மாமல்லபுரத்தில் கடப்பதற்கும் பழவேற்காட்டில் கடப்பதற்கும் அண்ணா நகரில் மழையே தலைகீழாக மாறிவிடும். விடுமுறை விட்ட நாளில் வெயில் அடித்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் அறிவித்தவரைக் குறை சொல்வதற்கில்லை.

காற்று 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ. என்று சொல்கிறார்கள். மூன்று எண்ணில் எதைப் பார்த்துக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது?
– படகு உரிமையாளர், காசிமேடு

45–55 என்பது நிலையாக அடிக்கும் காற்று. நம் நாட்டில் மூன்று நிமிடச் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். 65 என்பது சில நொடிகள் மட்டும் வந்து போகும் வீச்சு. அலையை எழுப்புவது முதல் கணக்கு. படகைப் புரட்டுவது இரண்டாவது. ஃபைபர் படகுக்கு எப்போதும் மூன்றாவது எண்ணைப் பார்த்தே முடிவெடுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும்.

எச்சரிக்கைக்கு முன்பே கடல் சொல்லும் ஒரு சேதி உண்டு. தொலைவில் புயல் இருந்தால், இங்கே காற்றே இல்லாதபோதும் நீண்ட அலைகள் வரத் தொடங்கும். கைக்கடிகாரத்தை வைத்துப் பத்து அலைகள் வர எத்தனை நொடி என்று எண்ணி, பத்தால் வகுத்துப் பாருங்கள். ஆறு, ஏழு நொடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பியது. 12, 14 நொடியானால் எங்கோ பெரிய காற்று அடிக்கிறது. 14 நொடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 39 கி.மீ. வேகத்தில் ஓடும், புயல் பெரும்பாலும் அதில் பாதி வேகத்துக்கும் கீழே. அதனால் அலை முந்திக்கொண்டு வந்து சொல்கிறது.

ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. ஒக்கி 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் காலையே கன்னியாகுமரிக்கு அருகே புயலாகிவிட்டது. பல நாள் தங்கலுக்குப் போன படகுகளுக்குச் செய்தியே எட்டவில்லை. கரையிலிருந்து 10, 12 கி.மீ. தாண்டினால் கைப்பேசி பயன்படாது. வி.எச்.எஃப். வானொலிக் கருவியில் 16-வது அலைவரிசையைத் திறந்தே வையுங்கள். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரை மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்காதீர்கள். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554.

துறைமுகத்தில் கட்டும்போது: படகுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினால் ஒன்றையொன்று மோதியே உடையும். இடைவெளி விட்டு, பக்கங்களில் டயர் தொங்கவிடுங்கள். கயிற்றைக் குட்டையாக இறுக்கிக் கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கடல்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் குட்டைக் கயிறு அறும், அல்லது கட்டிய குற்றியையே பிடுங்கும். நீளமாக, முன்னும் பின்னும் குறுக்காக விடுங்கள். ஃபைபர் படகை மணலில் விடாமல் சாலை வரை ஏற்றி, எஞ்சினைக் கழற்றிவிடுங்கள்.

மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போகிறது. எங்கள் பக்கம் கடல் வீட்டுக்கே வந்துவிட்டது. இதற்கும் காற்றுதான் காரணமா?
– வாசகர், திருவொற்றியூர்

காற்றும் ஒரு சுவரும். பருவக்காற்று மாறும்போது கரையோர நீரோட்டமும் மாறும். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வண்ணி என்பார்கள். தெண்டி ஆண்டில் பெரும்பகுதிக்கு ஓடும். வண்ணி வடகிழக்குப் பருவமழையோடு வந்து சில மாதங்கள்தான் இருக்கும். ஆகக் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போகிறது.

அதன் குறுக்கே 1870-களில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். அன்றிலிருந்து வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கி, இன்றைய அகலமான மெரினா ஆனது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரிக்கிறது. அலை எடுத்துப் போகும் மணலுக்குப் பதில் மணல் வருவதில்லை. கருங்கல் கொட்டினால் அந்த இடம் நிற்கும். அரிப்பு அதற்கு வடக்கே நகரும். தேங்கிய மணலை எடுத்து வடக்கே போடுவதுதான் நியாயமான வைத்தியம். செலவு அதிகம், ஆண்டுதோறும் செய்ய வேண்டும். அதனால்தான் கல்லையே கொட்டுகிறார்கள்.

மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டாங்கும் ஷீட் கொட்டகையும் உள்ளன. புயலுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?
– வீட்டு உரிமையாளர், குரோம்பேட்டை

டாங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். 500 லிட்டர் டாங்க் காலியாக இருந்தால் ஒருவர் தூக்கிவிடலாம். நிறைந்தால் அரை டன். மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள் என்பதால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் ஆகும். சம்ப்பின் மூடியைச் சுற்றி சிமெண்டு பூசி அடைத்துவிடுங்கள். தெருத் தண்ணீர் உள்ளே இறங்கினால் பிறகு சம்ப்பை முழுதாக இறைத்துக் கழுவ வேண்டியிருக்கும்.

கொட்டகையில் நடுப்பகுதியைவிட ஓரங்களும் மூலைகளும்தான் முதலில் பிய்யும். காற்று ஷீட்டை அழுத்தி உடைப்பதில்லை. மேலே உறிஞ்சித் தூக்குகிறது. ஆகையால் மேலே செங்கல் அடுக்கிப் பயனில்லை. அந்தச் செங்கல் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். ஓர வரிசைகளில் ஜே போல்ட்டுகளை நெருக்கமாகப் போட்டு, நட்டுக்கு அடியில் அகன்ற வாஷர் கொடுங்கள். துருப்பிடித்த போல்ட்டை முறுக்கிப் பார்க்காமல் மாற்றுங்கள். காற்று வரும் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும், எல்லாவற்றையும் சாத்துங்கள். பூந்தொட்டி, துணிக்கொடிக் கம்பி, டிஷ் ஆன்டெனா எல்லாம் கீழே இறங்கட்டும்.

கிளை முறிந்தாலோ தண்ணீர் தேங்கினாலோ மாநகராட்சிக்கு 1913. மாநில அவசர எண் 1070, மாவட்ட எண் 1077.

வடகிழக்குப் பருவமழை ஏன் பெரும்பாலும் விடியற்காலையில் கொட்டுகிறது?
– வாசகி, பெசன்ட் நகர்

இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்து, நிலக்காற்று கடலை நோக்கி நகரும். எதிரே வாடைக்காற்று வருகிறது. இரண்டும் கரையோரத்தில் முட்டிக்கொண்டு மேலே எழும். மேகம் அங்கேயே திரளும். அதனால்தான் பல நாள் உங்கள் தெருவில் குடை, பூந்தமல்லியில் வெறும் மேகமூட்டம்.

புயலுக்குத் தமிழில் பெயரே வைக்கமாட்டார்களா?
– வாசகர், கொளத்தூர்

வைத்திருக்கிறார்கள். வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் தலா 13 பெயர்கள் கொடுத்து, 169 பெயர்களின் பட்டியல் 2020-ல் வெளியானது. இந்தியா கொடுத்தவற்றில் முதல் இரண்டு, கதி, தேஜ், ஏற்கெனவே முடிந்துவிட்டன. மூன்றாவது ‘முரசு’. பட்டியலில் இன்னும் பின்னால் ‘நீர்’ வேறு இருக்கிறது.